ரோட்டைத் தாண்ட ஆன செலவு

2024 மே 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். முந்தின இரவு தூறல் போட்டு நின்றிருந்தது. காற்று இல்லை. வெயில் ஏறும் முன்பே சட்டைக் காலர் நனைந்துவிட்டது. புதுச்சத்திரம் தாண்டி எங்கள் ஊரில், நாற்கரச் சாலையின் மேற்கு ஓரத்தில் நானும் என் மனைவியும் நின்றிருந்தோம். நாமக்கல் பஸ் கிழக்கு ஓரத்தில் நிற்கும். எட்டு மணிக்கு அவளுக்கு டயாலிசிஸ். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும். ஒரு நாள் தவறினாலும் கால் வீங்கி மூச்சு வாங்கும்.

டீக்கடைக்கு நேராக, சாலையின் நடுத்திட்டில் ஒரு சந்து இருந்தது. யாரோ எப்போதோ இரண்டு சிமெண்ட் கட்டைகளைப் பெயர்த்து ஓரம் தள்ளியிருந்தார்கள். ஊரே அதன் வழியாகத்தான் போய்வந்தது. அன்று அந்த இடத்தில் புதுக் கட்டைகள், இடுப்பளவு உயரம், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை.

"ஏனுங்க, வழியக் காணமுங்களே?" என்றாள்.

டீக்கடைக்கார அம்மாள் கிளாஸைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார். "வாத்தியாரு மனுப் போட்டாருல்ல. அதான் நேத்து வந்து அடச்சுப் போட்டாங்க."

மனுப் போட்டது உண்மைதான். ஆனால் அடைக்கச் சொல்லி அல்ல.

எங்கள் மகள் ஜெர்மனியில் கணினி வேலை பார்க்கிறாள். என் மனைவிக்குச் சிறுநீரகம் கெடுவதற்கு முந்திய வருடம், அங்கே தொண்ணூறு நாள் இருந்துவிட்டு வந்தோம். முப்பத்தோரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்தியவன் நான். கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் வளர்ந்த நாடு, அந்தப் பக்கம் வளரும் நாடு என்று எழுதிப் போடுவேன். தலா வருமானம், எழுத்தறிவு, தொழில் என்று ஒன்பது இனங்கள். அந்த ஊரில் இறங்கிய இரண்டாம் நாளே பத்தாவது ஒன்றைப் பார்த்தேன். மகள் வீட்டு முனையில் ஒரு கம்பம், அதில் மஞ்சள் பெட்டி. பெட்டியைத் தொட்டால் சற்று நேரத்தில் பச்சை விளக்கு எரியும், வண்டிகள் நிற்கும்.

என் மனைவி தொட்டாள். பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று வந்து நின்றது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"நமக்காகவா நிறுத்தியிருக்கறாங்க?"

"ஆமா, நட."

"பாவம், லோடு வண்டிங்க." அவள் டிரைவரைப் பார்த்துக் கும்பிட்டு, "நீங்க போங்க சாமி, நாங்க பொறவு வாரோம்" என்று தமிழிலேயே சொன்னாள். டிரைவர் கையைக் காட்டி அவளைப் போகச் சொன்னார். அவளும் கையைக் காட்டி அவரைப் போகச் சொன்னாள். பதினெட்டு வினாடி இப்படியே போனது. பச்சை அணைந்தது. லாரி போனது. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம்.

"பாத்தீங்களா, நாஞ் சொன்னதும் போயிட்டாரு" என்றாள்.

மகள் சிரித்துச் சிரித்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கோபப்பட்டேன். பிறகு அந்தப் பெட்டியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அந்தப் போட்டோ நினைவுக்கு வந்தது. அவளுடைய இடது கையில்தான் டயாலிசிஸ் ஊசி போடும் நரம்பு இருந்தது. அந்தக் கையைப் பிடிக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் நான் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம் நடப்பேன். பாதி ரோடு வரை லாரி வலப்பக்கத்திலிருந்து வரும். நடுவில் நான் இருப்பேன். நடுத்திட்டைத் தாண்டிவிட்டால் இடப்பக்கத்திலிருந்து வரும். அப்போது லாரிக்கும் எனக்கும் நடுவில் அவள் இருப்பாள். வாரத்துக்கு இரண்டு தடவை இப்படி. பிப்ரவரியில் மனு எழுதினேன். எங்கள் ஊருக்கு அந்த மாதிரி ஒரு விளக்கு வேண்டும், முடியாவிட்டால் வெள்ளைக் கோடும் வேகத்தடையுமாவது போடவேண்டும் என்று, போட்டோவையும் இணைத்து, சாலை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

கட்டைகள் வைத்த மூன்றாம் நாள் பதில் வந்தது. தங்கள் மனுவின் பேரில் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. பாதசாரிகளுக்கு ஆபத்தாக இருந்த அனுமதியற்ற திறப்பு நிரந்தரமாக மூடப்பட்டது. மனு முடித்துவைக்கப்படுகிறது. மூன்று வரி. எந்த வரியிலும் பொய் இல்லை.

அன்று, அந்தச் செவ்வாய்க்கிழமை, மணி ஆறே கால் ஆகிவிட்டது. கட்டையைத் தாண்ட அவளால் காலைத் தூக்க முடியாது. தூக்கிவிட என்னால் முடியாது. டீக்கடை ஓரம் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

"எங்கீங்க போகோணும்?"

எதிரே கையைக் காட்டினேன். "அங்கே. பஸ் ஸ்டாப்புக்கு."

ஆட்டோக்காரர் என் கையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "இத்தன வருசத்துல ரோட்டத் தாண்ட ஆட்டோ ஏறுன மொத ஆளு நீங்கதானுங்க. வடக்க பாலத்துக்கடியில பூந்து திரும்பி வரோணும். நூறு ரூவா குடுங்க."

அவருடைய மீட்டரில் பார்த்தேன். எண்பது அடி அகல ரோட்டைத் தாண்ட நாலு கிலோமீட்டர் இருநூறு மீட்டர். வெள்ளிக்கிழமையிலிருந்து எண்பது ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். திரும்பி வரும் பஸ் எங்கள் பக்கமே நிற்கும்; அதற்குச் செலவு இல்லை.

ஊரில் யாரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பால் ஊற்றப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கட்டை மேல் ஏறிக் குதித்துப் போனார்கள். குதிக்கும்போது, "ஜெர்மனி வாத்தியாரு புண்ணியம்" என்று சொல்லிக் குதித்தார்கள்.

என் தம்பி மகன் லாரி ஓட்டுகிறான். எங்கள் ஊரில் பாதி வீடுகள் லாரிப் பணத்தில் கட்டியவை. அவனிடம் கேட்டேன், ஒரு கிழவி நின்றால் நிறுத்த மாட்டீர்களா என்று.

"நிறுத்தலாம் பெரியப்பா. முப்பது டன்னு ஏத்திக்கிட்டு வாரேன். நா பிரேக் அடிச்சா பின்னால வாரவன் எனக்குள்ள வந்துருவான். அவனுக்கும் லோடு எறக்கற நேரம் குறிச்சுக் குடுத்திருப்பாங்க."

அவன் சொன்னதிலும் பொய் இல்லை. மகள் போனில் ஒவ்வொரு ஞாயிறும், மறுபடி எழுதுங்கள் என்றாள். எழுதினால் இன்னும் என்னத்தை அடைப்பார்களோ என்று பயந்து எழுதவில்லை.

எந்தப் பக்கத்தில் எதை எழுதுவது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. எங்கள் வளரும் நாட்டில் அவளுக்கு டயாலிசிஸ் இலவசம். காப்பீட்டு அட்டையைக் காட்டினால் ஒரு பைசா கேட்க மாட்டார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். எனக்கு மட்டும்தான் டிக்கெட். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளை, "வாங்க சாமி" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் எண்பது அடி.

மழையிலும் போனோம், தீபாவளி வாரத்திலும் போனோம். ஒரு முறையும் தவறவில்லை. பொங்கல் செவ்வாய்க்கிழமையில் வந்தது. அன்று ஆட்டோக்காரர் காசு வாங்க மறுத்து, "நல்ல நாளும் அதுவுமா, ரோட்டத் தாண்டறதுக்கு எதுக்குங்க காசு" என்றார். கடைசியாகப் போனது ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை விடிகாலையில் அவளுடைய மூச்சு நின்றது.

சுடுகாடும் கிழக்கேதான் இருக்கிறது. பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. தூக்கிய பாடையைச் சுற்றுவழியில் கொண்டுபோகும் வழக்கம் எங்களுக்கு இல்லை. தம்பி மகன் துண்டை ஆட்டிக்கொண்டு ரோட்டுக்குள் இறங்கினான். லாரிகள் நின்றன. இந்தப் பக்கத்து ஆட்கள் கட்டைக்கு மேலே பாடையை உயர்த்திக் கொடுக்க, அந்தப் பக்கத்து ஆட்கள் வாங்கினார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. முன்னால் நின்ற லாரியின் டிரைவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். அவருக்குப் பின்னால் பதினோரு வண்டிகள் வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண முடியவில்லை. அவள் பார்த்திருந்தால், நீங்க போங்க சாமி என்று சொல்லியிருப்பாள்.

அன்று தாண்டியதற்குச் செலவு இல்லை. அதற்கு முன் போனவை எழுபத்தாறு தடவை. முதல் நாள் நூறு, பொங்கலன்று இல்லை, மற்றவை எண்பது. ஆறாயிரத்து இருபது ரூபாய்.