ஜன்னலை மூடுகிற இடம்

கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளி மேஜையில் வைத்தாயிற்று. முள் நகரும் சத்தம் மைக்கில் விழுந்துவிடுமாம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டியாயிற்று. பிளாஸ்கைத் திறந்து, அதன் மூடியில் மருந்து அளப்பதுபோல் வெந்நீரை ஊற்றி ஒரு வாய் குடிக்கிறார். அப்புறம்தான் திரையைப் பார்த்து, "பையன் மூஞ்சியக் காட்டுப்பா" என்கிறார்.

பேசப்போவது என்னவோ திரையில் இருக்கும் அப்பா. ஆனால் இவருக்கு, அதைக் கேட்கப்போகிற மகனின் முகத்தை முதலில் பார்த்தாக வேண்டும். "கேக்கறவன் மூஞ்சி தெரியாம என்னத்தப் பேசறது?" என்பார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சவுண்டு என்ஜினியர் பெருமூச்சு விட்டபடி அந்தத் துண்டை ஓட்டிக் காட்டுவார். பையன் கோபமாக இருக்கிறானா, தலை குனிந்திருக்கிறானா, காது கொடுத்துக் கேட்கிறானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். பிறகு ஒரே டேக்.

வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழ்க்குரல் கொடுக்கும் கூடம் எங்களுடையது. இங்கே வாசல் காவலர் முதல் முதலாளி வரை இவரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடங்களாக இங்கே வந்து சேர்ந்த அப்பாக்கள் அத்தனை பேருக்கும் இவர்தான் வாய். ராஜா, மீனவர், கொலைகாரர், கடைசியாக ஒரு பொம்மைப் படத்துக் கரடி. "கரடியா இருந்தா என்ன, அதுவும் பெத்ததுதான?" என்று அதற்கும் குட்டியின் முகத்தைக் காட்டச் சொன்னார்.

நான் அந்தப் படங்களுக்கு வசனம் எழுதுகிறவன். அதனால் எனக்குப் பெயரே 'வசனம்' ஆகிவிட்டது. "என்ன வசனம், இன்னைக்கு எப்பிடி சாகணும்?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார். அப்பா பாத்திரங்கள் பெரும்பாலும் கடைசி ரீலில் போய்ச் சேர்ந்துவிடுவது உலக வழக்கம். அந்த நாட்களில் மைக்கைத் தாழ்த்தச் சொல்லி, பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டு பேசுவார். நின்றுகொண்டு சாக வராதாம். ஒருநாள் எழுந்து சட்டையை உதறியபடி சொன்னார்: "நூத்திப் பன்னண்டு தடவ செத்திருக்கேன். ஒரு தடவகூடப் பேச வேண்டியதப் பேசாம செத்ததில்ல."

நல்ல மனிதர்தான். ஆனால் அந்த பிளாஸ்க் விஷயத்தில் மகா கஞ்சன். கதாநாயகிக் குரல் பேசும் பெண்ணுக்கு ஒருநாள் இருமல் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனிதர் ஆளை அனுப்பிக் கடையில் தண்ணீர் வாங்கிவரச் சொன்னாரே தவிர, மடியில் இருந்த பிளாஸ்கைத் திறக்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய் வெந்நீர் இறங்காவிட்டால் தொண்டை கட்டிவிடும், கட்டினால் அன்றைய வேலை போச்சு. எங்களுக்கும் அது தெரியும், கேட்கமாட்டோம்.

அவருக்குச் சொந்தமாக ஒரு மகன் உண்டு. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தான். இவர் காலையில் அவன் எழுவதற்கு முன்னால் கிளம்பி, தூங்கிய பிறகு வீடு திரும்பி வளர்த்த பிள்ளை. ஸ்கூல் போகிற காலத்தில் அவனுக்கென்று செய்தது ஒன்றே ஒன்று, முந்தின இரவே தண்ணீர் பாட்டில் மூடியை இறுக்கி வைப்பது என்று அவரே சொல்லியிருக்கிறார். "அவன் மூடுனா ஒழுகும். நோட்டெல்லாம் நனஞ்சிடும்."

நான்கு வருடம் முன்பு அவர் மனைவி இறந்துபோனார். எல்லோரும் கலைந்த பிறகு அப்பாவும் மகனும் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது இவர் அவன் தோளில் கைவைத்துச் சொல்லியிருக்கிறார்: "உங்கம்மா எங்கயும் போயிடல. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுலதான் உக்காந்திருக்கா. நாம பேசிக்கிட்டிருந்தாப் போதும், அவளுக்குக் கேக்கும்." பையன் அவர் மடியில் விழுந்து அழுதிருக்கிறான். வளர்ந்தபிறகு அவன் அவரைத் தொட்டதே அன்றைக்குத்தானாம்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பையன் டிவியில் ஒரு படம் பார்த்தான். பனி கொட்டும் ஊர். மனைவியை இழந்த ஒருவர் மகனிடம் பேசுகிறார். "உங்கம்மா எங்கயும் போயிடல" என்கிறார். எழுந்துபோய் ஜன்னலை மூடுகிறார். திரும்பி வந்து, "நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுலதான்..." அதே குரல், அதே வார்த்தை. இவர் மனைவி இறப்பதற்குப் பத்து நாள் முன்புதான் எங்கள் கூடத்தில் பேசியது.

அந்த வரியை எழுதியவன் நான். என் அப்பா என்னிடம் சொல்லாமலே போய்விட்டதைத்தான் எழுதினேன். படத்து அப்பாக்கள் அவ்வளவு நன்றாகப் பேசுவதற்குக் காரணம், அவர்களுக்கு எழுதுகிறவர்கள் என்னைப் போன்ற மகன்களாக இருப்பதுதான். அது இன்னொரு வீட்டில் போய் இப்படி வெடிக்கும் என்று தெரிந்திருந்தால் ஜன்னலை மூடிவிட்டுச் சும்மா உட்கார விட்டிருப்பேன்.

பையன் சண்டை போடவில்லை. போன் செய்து, "அப்பா, அவர் ஜன்னல மூடற எடத்துல நீங்களும் நிறுத்துனீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். "வேணும்னு சொல்லலப்பா வசனம். மனசுல இருந்ததுதான். வாய்க்கு அந்த வழிதான் தெரிஞ்சுது" என்றார் என்னிடம். அவனிடம் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் உண்டு. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வச்சிடறேன். அவ்வளவுதான்.

போன மாதம் பையனுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. எப்போது திரும்புவான் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து இவர் துண்டுக் காகிதங்களோடு வர ஆரம்பித்தார். கிளம்புவதற்குள் அவனிடம் சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான். "இது எங்கயாவது வந்திருக்கா பாரு, வசனம்" என்று நீட்டுவார்.

'எங்க இருந்தாலும் நல்லா இரு' என்று இருந்தது. மீனவர் படத்தில் வருகிறது என்றேன். 'தப்பு என்மேலதான்' என்று எழுதிவந்தார். அது மூன்று படத்தில் வந்திருந்தது. 'உன்ன நெனச்சாப் பெருமையா இருக்கு' என்பதைப் படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பி நீட்டினேன்.

"எதுல?"

"கரடி."

காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். யார் சொன்னதாக இருந்தால் என்ன, நீங்கள் சொன்னால் உங்களுடையதுதானே என்று வாதாடிப் பார்த்தேன். "அவன் தேடுவாம்ப்பா" என்றார். "நான் என்ன சொன்னாலும், எந்தப் படம்னு தேடுவான்."

பையன் கிளம்பும் நாள் மதியம், தன்னிடம் இருந்த அப்பா வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கூடத்துக்கே வந்துவிட்டான். என்ஜினியர் அறையில் என் பக்கத்தில் நின்றான். கண்ணாடிக்கு அப்பால் இவர் ஒரு படத்து அப்பாவுக்காகத் துறைமுகத்தில் மகனை வழியனுப்பிக்கொண்டிருந்தார். பாதி வசனத்தில் நிமிர்ந்தார், பார்த்துவிட்டார். திரையில் அந்த மனிதரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மைக்கில் ஒன்றும் வரவில்லை. "அப்பா, உதடு ஓடிடுச்சு" என்றார் என்ஜினியர், மெதுவாக.

பிளாஸ்கும் கையுமாக நடைக்கு வந்தார், நாங்களும் போனோம். பையன் சாவியை நீட்டி, ஏழு மணிக்கு விமானம் என்றான். இவர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த இடத்துக்கு நான்கு வரிகள் தோன்றின. நான்கும் நல்ல வரிகள். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பையனின் தோள்பைப் பக்கவாட்டில் ஒரு ஸ்டீல் பாட்டில் செருகியிருந்தது. இவர் அதை உருவினார். காலியாக இருந்தது. பிளாஸ்கின் மூடியைத் திருகி, வெந்நீரை அதில் ஊற்ற ஆரம்பித்தார்.

"ஏர்போர்ட்டுல தண்ணிய உள்ள விடமாட்டாங்கப்பா" என்றான் பையன். சொன்னானே தவிர, பாட்டில் ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவர் நிறுத்தவில்லை. அன்றைக்கு இன்னும் மூன்று மணி நேர வேலை பாக்கி இருந்தது. பிளாஸ்கைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். பாட்டிலை வாங்கி மூடியை இறுக்கினார். பையன் கை நீட்டினான். உடனே கொடுக்கவில்லை. அதைத் தலைகீழாகப் பிடித்து, ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.