வெங்காயம் போடாத திருவாதிரை

கல்யாணமாகி வந்த பிறகு அதுதான் எனக்கு முதல் திருவாதிரை. அதுவரை நானும் என் கணவரும் ஒருநாள்கூட எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இதைச் சொன்னால் என் மகள் நம்ப மாட்டேன் என்கிறாள். கோட்டைக்குள் இருந்த எங்கள் அக்கிரகாரத்து வீட்டில் ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள். பரிமாறி, எச்சில் இலை எடுத்து இடம் துடைத்து, ஆறிப்போனதை வைத்துக்கொண்டு நானும் மாமியாரும் அடுக்களையில் உட்காருவோம். சாப்பாட்டு நேரத்தில் நான் பார்த்த கணவர் என்பது குனிந்த ஒரு உச்சந்தலை, அவ்வளவுதான்.

அக்கிரகாரத்து வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். எங்கிருந்து எங்கே போனாலும் கூடத்தைத் தாண்ட வேண்டும். கூடத்தில் மாமனாரின் சாய்வு நாற்காலி. அவர் ஒன்றும் கேட்க மாட்டார், நிமிர்ந்து பார்ப்பார். அதுவே போதும், மூச்சு முட்டும். ஆளில்லாத இடம் என்று அந்த வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது, பழைய பாத்திரங்கள் போட்டு வைத்திருந்த மச்சு.

இந்த மலையாளச் சீமையில் திருவாதிரை புருஷன் பெண்டாட்டிக்கான பண்டிகை. பக்கத்துத் தெரு மலையாளிப் பெண்கள் தலையில் பூச்சூடி, ஊஞ்சலாடி, கைகொட்டிப் பாடுவார்கள். எங்கள் வீட்டில் களி, தாளகக் குழம்பு, நமஸ்காரம், தீர்ந்தது. எனக்கு அது போதவில்லை. அன்று ஒருவேளையாவது அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது.

நான் திருநெல்வேலியில் ஹோம் சயன்ஸ் படித்தவள். கல்யாணத்துக்குத் தோழிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த வட்டமான கரண்ட் அவன் ஒன்று, கண்ணாடி மூடி போட்டது, என் டிரங்குப் பெட்டி மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அதில் காய்கறிகளை நிறம் நிறமாக அடுக்கி, பாலும் மைதாவும் வெண்ணெயும் கலந்த வெள்ளை சாஸ் ஊற்றி பேக் செய்து, நாம் இருவரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று அவரிடம் சொன்னேன்.

என் கணவர் செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்தவர். ஃபைல் நகர்த்தும் மூளை. மறுநாள் ஆபீஸ் பையிலிருந்து ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்து என் கையில் வைத்தார். வெங்காயம் அந்த வீட்டு அடுக்களையை மிதித்ததே கிடையாது.

"இதை வதக்கிப் போட்டுடு. அம்மா தொடமாட்டா. அன்னிக்கு தம்பானூர் ஹோட்டல்லேர்ந்து மசால் தோசை வாங்கிண்டு வந்தேனே, என்ன சொன்னா? 'மச்சுக்குக் கொண்டு போய்த் தின்னு தொலை'ன்னாளோ இல்லியோ? இதுக்கும் அதான் சொல்வா, இந்தத் தடவை ரெண்டு பேருமாப் போயிடலாம். நமக்கும் அதானே வேணும்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. செய்ய வேண்டியவள் நானல்லவா?

திருவாதிரை அன்று காலையில் பழவங்காடிப் பக்கத்துக் கடைகளிலிருந்து அவர் வாங்கி வந்த காய்களை நறுக்கினேன். மஞ்சள் பரங்கி, ஊதா நிறக் காச்சில் கிழங்கு, பச்சைப் பயற்றங்காய், சிவப்புக் கீரை. வெங்காயம் இடுப்பில் புடவைச் சொருகலில் இருந்தது. மாமியார் ஈர மடிப்புடவையோடு களி கிளறிக்கொண்டிருந்தார். பண்டிகை நாளும் அதுவுமாக வெங்காய வாசனை கிளம்பினால் பிறந்த வீட்டையே இழுத்துப் பேசுவார். எனக்குக் கை வரவில்லை. வெங்காயத்தை டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டேன். அதோடு விட்டேனா? யாரும் ஒரு குற்றம் சொல்லக் கூடாதே என்று, கடை பிரெட்டைத் தூளாக்கித் தூவுவதற்குப் பதிலாக வறுத்த ரவை. சீஸுக்குப் பதிலாக வடிகட்டிய கட்டித் தயிர். எல்லாம் ஆசாரம், எல்லாம் சுத்தம்.

கரண்ட் அவனுக்குப் பிளக் கூடத்தில்தான், இஸ்திரிப் பெட்டிக்கு வைத்த பிளக். மாமனார் காலடியில் உட்கார்ந்து பேக் செய்தேன். வெண்ணெய் முறுகும் வாசனை வீடு முழுக்கப் பரவியது. மூடியைத் திறந்தபோது மேலே பொன்னிறம், ஓரத்தில் ஊதாவும் சிவப்பும் கொப்புளித்துக்கொண்டிருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

மாமியார் வந்து குனிந்து பார்த்தார்.

"கொள்ளாமே, நன்னாயிருக்கே! இதென்னடீ, கோலம் மாதிரி இருக்கு? வெங்காயம் கிங்காயம் உண்டோ?"

"இல்லேம்மா."

"முட்டை?"

"ஐயையோ, இல்லவே இல்லே."

"அப்போ சுவாமிக்குக் காட்டிடலாமே!"

இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பூஜை அறையில் மணி அடித்தது. பூணூலைச் சரிசெய்தபடி அரை நாள் லீவில் வந்து நின்ற என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நைவேத்தியம் ஆன பண்டம் வீட்டுக்கே பொது. அதை மச்சுக்குக் கடத்த முடியுமா?

ஆண்கள் பந்தியில் நானே பரிமாறினேன். மாமனார் மறுபடி கேட்டுச் சாப்பிட்டார். கணவர் இலையில் ஒரு கரண்டி வைத்தேன். அவர் நிமிராமலே மெதுவாக, "பேசாம வெங்காயத்தைப் போட்டிருக்கலாம்" என்றார். எனக்கு அழுகையாக வந்தது. அதையும் பரிமாறி முடித்துத்தான் அழ வேண்டும்.

பிறகு அடுக்களையில் வழக்கம்போல் நானும் மாமியாரும். கரண்ட் அவனின் தட்டில் அடிப்பிடித்த ஓரம் மட்டும் மிச்சம். அதை மாமியார் கரண்டியால் சுரண்டி, நல்ல முறுகலாகப் பார்த்து என் இலையில் போட்டு, மிச்சத்தைத் தன் இலையில் போட்டுச் சாப்பிட்டார்.

"சாப்பிடு. காலம்பரேர்ந்து நின்னுண்டே இருக்கே. நான் இந்தாத்துக்கு வந்ததுலேர்ந்து திருவாதிரைக்கு இத்தனை ருசியா ஒண்ணு சாப்பிட்டதில்லே, கேட்டியா? இனிமே வருஷா வருஷம் இது உன் பொறுப்பு."

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொல்லிவிட்டார், நான் எங்கே போவது? தலையை ஆட்டினேன். திருவாதிரை அன்று நான் ஆசைப்பட்டுச் செய்ததை எதிரெதிரே உட்கார்ந்து என்னோடு சாப்பிட்டது என் மாமியார்தான். அடுத்த திருவாதிரைக்குள் இதைவிடப் பெரிய கரண்ட் அவன் ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்துவிட்டார்.