மணி அடித்தபோது நான் தைத்துக்கொண்டிருந்தேன்

பத்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து எனக்குக் காது போயிற்று. பேச்சு போகவில்லை. அதனால் புதிதாகப் பார்ப்பவர்கள் எனக்குக் காது கேட்கும் என்றே நினைத்துக்கொள்வார்கள். உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வேன். மீதியை ஃபோனில் எழுதிக் காட்டச் சொல்வேன்.

செஞ்சியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் ஷூ தொழிற்சாலை. அங்கே தைக்கிற ஷூ எதுவும் நம் ஊரில் விற்பதில்லை, எல்லாம் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். ஷூவின் மேல்பாகத்துக்குத் தோலை மடித்துத் தைப்பது என் வேலை. என்னைச் சேர்த்துக்கொண்ட அன்று அதிகாரி ஒருவர், "உங்களுக்கு அரட்டை இல்லை, வேலை ஒழுங்காக நடக்கும்" என்று ஃபோனில் எழுதிக் காட்டினார். பாராட்டு என்று நினைத்திருப்பார். உண்மையில் நான் நிறைய அரட்டை அடிப்பேன். பக்கத்து மெஷினில் வல்லத்துக்காரி ஒருத்தி இருந்தாள். எங்களுக்கு உதட்டசைவே போதும். மெஷின் சத்தத்தில் மற்றவர்கள்தான் கத்த வேண்டியிருந்தது.

ஒருநாள் தீ விபத்து ஒத்திகை வைத்தார்கள். வல்லத்துக்காரி அன்று லீவு. நான் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த தோலை எடுக்க நிமிர்ந்தால் கூடத்தில் ஒருவரும் இல்லை. மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு நேரமோ என்று பார்த்தேன், கடிகாரத்தில் பதினொன்றுதான் ஆகியிருந்தது. வெளியே வந்தபோது எல்லோரும் வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். சூப்பர்வைசர் அக்கா என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, உன்ன மறந்தே போயிட்டன்டி."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் பஸ் செஞ்சிக்குத் திரும்பி மலைக்கோட்டை தெரியும்போதுதான் எனக்கு அது உறைத்தது. நிஜமாகவே தீ பிடித்திருந்தாலும் நான் அந்தத் தையலை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்திருப்பேன்.

அடுத்த மாதம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஒரு பெண்மணி வந்தார். கூடவே மொழிபெயர்க்க ஓர் இளைஞர். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் அவர்கள் வேலையாம். காலையிலேயே சூப்பர்வைசர் அக்கா என் எதிரில் வந்து நின்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"உன்னாண்ட கண்டிப்பா வருவாங்க. இன்னா கேட்டாலும் நல்லா இருக்குதுன்னு சொல்லு. அனந்தபுரத்துலேர்ந்து உன்ன மாதிரியே ஒரு பொண்ணு வேலைக்கு வரப்போவுது. அதும் பொழப்பக் கெடுத்துடாத."

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். போன வாரம் எங்கள் கூடத்துக்கு வந்து தைத்துக் காட்டித் தேறியிருந்தாள். தேறியதும் அவள் சூப்பர்வைசர் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டது நினைவில் இருந்தது.

அவர்கள் வந்தார்கள். இளைஞர் ஃபோனில் தமிழில் எழுதிக் காட்டினார்: "தீ மணி அடித்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. அதற்குள் சூப்பர்வைசர் அக்காவின் உதடு அசைந்தது. "பக்கத்துல இருக்கறவங்க தட்டிக் கூப்புடுவாங்க சார்." இளைஞர் தலையாட்டிவிட்டு ஃபோனை என்னிடமே நீட்டினார்.

"பக்கத்தில் இருப்பவள் லீவு என்றால் தெரியாது. போன ஒத்திகையில் எல்லோரும் வெளியே போனது தெரியாமல் தைத்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதினேன். மூன்று முறை படித்துப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். ஆளில்லாத கூடம் கண்ணில் வந்தது, அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் அக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். இரண்டு வாரம் என் முகத்தை அவர் பார்க்கவில்லை. கெட்டவர் இல்லை அவர். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் கூடம் முழுக்க மணி அடித்தால் மின்னும் சிவப்பு விளக்கு போட்டார்கள். அனந்தபுரத்துப் பெண்ணிடம் மட்டும், விளக்கு போட்ட பிறகும், பாதுகாப்பு ஏற்பாடு முழுதும் முடியட்டும், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அவள் மூன்று மாதம் காத்திருந்துவிட்டு, சென்னைப் பக்கம் ஒரு கிடங்கில் பார்சல் கட்டும் வேலைக்குப் போய்விட்டாள்.

பொங்கல் லீவு முடிந்து அவள் கிளம்பும்போது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவள் கையால் பேசுகிறவள், எனக்கு அது வராது. ஃபோனில் எழுதிக்கொண்டோம்.

"நீங்க எழுதிக் குடுத்ததாலதான் எனக்கு அங்க வேலை தள்ளிப்போச்சாமே?"

"ஆமா."

என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள். பிறகு எழுதினாள். "லைட்டு போட்டாங்களா?"

"கூடத்துல போட்டாங்க."

"பாத்ரூம்ல?"

எனக்கு அது தோன்றவே இல்லை. இல்லை என்று தலையாட்டினேன். "அதையும் கேளுங்க அக்கா" என்று எழுதிக் காட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை மனு எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன், அதற்கப்புறம் போட்டார்கள். இப்போது எங்கள் கூடத்தில் காது கேளாதவர்கள் மூன்று பேர் இருக்கிறோம். அவளையும் கூப்பிட்டார்கள். அங்கேயே பழகிவிட்டது, வரவில்லை என்று சொல்லி அனுப்பினாளாம்.