வலப்பக்கம் திருப்பினால் கழலும்

என் வீட்டுக்காரர் முப்பத்தெட்டு வருஷம் இரும்பு கடையும் லேத்து ஓட்டினார். ஓய்வு பெற்ற மறுவாரமே, நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் படிக்கட்டுக்குக் கீழே சும்மா கிடந்த அறையைக் கெஞ்சி வாங்கி, அதில் ஒரு பழைய லேத்தை இறக்கிவிட்டார். வீட்டிலேயே உட்கார்ந்து என் உயிரை வாங்குவாரோ என்று பயந்திருந்த எனக்கு அப்பாடா என்றிருந்தது. மொத்தம் இருபத்துநான்கு வீடு. யார் வீட்டு மிக்ஸி மக்கர் செய்தாலும், யார் சக்கரநாற்காலி கிறீச்சிட்டாலும் லேத்து அண்ணனிடம்தான் வரும். அடுத்தவர் வேலை என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். என் சமையலறைக் குழாய் மட்டும் நாலு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு கிறுக்கு உண்டு. தான் செய்ததில் இன்னொருவர் கை வைத்தால் ஆகாது. எதிர்வீட்டுத் தையல்காரர் ஒருமுறை தண்ணீர் மோட்டாரின் மூடியைக் காய் நறுக்கும் கத்தியால் கழற்றப்போய், திருகாணியின் தலையை மழுக்கிவிட்டார். அன்றிலிருந்து இவர் எல்லாத் திருகாணிக்கும் நட்டுக்கும் மரையை மாற்றி வெட்ட ஆரம்பித்தார். ஊரில் வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இவருடையது கழலும். தெரியாதவர்கள் திருகித் திருகி வியர்ப்பதைப் பார்ப்பதில் மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் குளியலறைத் தாழ்ப்பாளையும் விடவில்லை. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்தே கழற்ற இரண்டு திருகாணி வைத்தார். நல்ல யோசனைதான். அதிலும் அதே மரை.

போன வருஷம் ஒரு காலை, நான் காய் வாங்கிக்கொண்டு திரும்பினால் வீடு முழுக்கக் கூட்டம். தையல்காரர் திருப்புளியோடு குளியலறை வாசலில் மண்டியிட்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“அக்கா, அண்ணன் உள்ள விழுந்துட்டாரு. கூப்பிட்டா பதில் இல்ல. கால் மணி நேரமா திருப்புறேன், அசைய மாட்டேங்குது. உடைச்சா கதவு அவர் மேலயே விழும்.”

“வலப்பக்கம் திருப்புங்க.”

“அது இறுகிடும் அக்கா.”

“அவர் செஞ்சதுங்க அது. திருப்புங்கன்னா திருப்புங்க.”

கழன்றது. ஆனால் மூளையில் ரத்தம் அடைத்து, பேச்சும் வலது கையும் போயிருந்தன. “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கை பிழைச்சிருக்கும்மா” என்றார் டாக்டர். அந்தக் கால் மணி நேரத்தைத் தின்றது இவருடைய மரைதான். ஆள் தேறட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று காத்திருந்தேன்.

பேச்சு ஓரளவு திரும்பிய பிறகு, ஒரு மத்தியானம் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார்.

“உள்ள எனக்கு எல்லாம் கேட்டுச்சு. இறுக்குறான்னு சத்தத்துலயே தெரிஞ்சுது. மாத்தித் திருப்புடான்னு சொல்ல… வாய் வரல.”

வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கவளத்தைப் பிசைந்தேன்.

மறுநாள் தையல்காரரைக் கூப்பிட்டு, கடையில் விற்கிற சாதாரணத் திருகாணியும் நட்டும் ஒரு பெட்டி வாங்கிவரச் சொன்னார். மோட்டார், படிக்கட்டுக் கைப்பிடி, மொட்டைமாடிக் கதவு என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். அக்கம்பக்கத்தார் நாற்காலியோடு தூக்கிப்போக, இவர் இடது கையால் காட்டினார். கடைசியாக எங்கள் குளியலறைக்கு வந்தபோது திருப்புளியை மாடியிலேயே மறந்துவிட்டிருந்தார்கள்.

தையல்காரர் இவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, “கத்தி இருக்கா அக்கா?” என்றார்.

நானும் இவரைப் பார்த்தேன்.

“எடுத்துக் குடு” என்றார்.