அச்சாபீஸ் துணி

ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். அதன்பிறகு எந்த ஊரிலும் நிலைக்காமல் சிவகாசிக்கு வந்து, தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்க உட்கார்ந்தேன். பக்கத்துப் பலகையில் அடுக்கிய அக்கா, வேறு சில பெண்களோடு தங்கியிருந்த தன் அறையில் படுக்க இடம் கொடுத்தாள்.

அவள் தம்பிக்கு அச்சாபீஸில் வேலை. மெஷின் துடைத்துப் போட்ட துணியை மூட்டையாகக் கொண்டுவருவான். மண்ணெண்ணெயில் அலசி, சலவைச் சோடாவில் வேகவைத்தால் மை போய்விடும். மாதவிலக்குக்கு அறையிலிருந்த எல்லோரும் அதைத்தான் வைத்தோம். கிழிப்பதற்குப் பழைய சேலை ஏது? உடுத்தியிருந்ததே பழையதுதான்.

கொஞ்ச நாளில் எனக்குப் பெண்ணுறுப்பில் அரிப்பு தொடங்கியது. அழுக்கு என்று நினைத்துச் சலவை சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். எரிந்தது. இன்னும் தேய்த்தேன். தோல் உரிந்து நீர் வடிந்தது. அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"யார்ட்டயும் சொல்லிராதீகக்கா."

"நான் ஏம்ட்டி சொல்லுதேன்? இருக்கன்குடி ஆத்துல முங்கிட்டு வா. ஆத்தா பாத்துக்கிடுவா."

முங்கிவிட்டு வந்தேன். என் தண்ணீர்ச் செம்பு அறைக்கு வெளியே கிடந்தது.

மறுநாள் பலகையில் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்: "ஊரு ஊராத் திரிஞ்சவளுக்கு வேற என்ன வரும்? ஆம்பளைட்ட ஒட்டுன மேகச் சீக்குதான்." அக்கா தலை நிமிராமல் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பெனிக் கணக்கப்பிள்ளை என்னைப் பலகையிலிருந்து எழுப்பிவிட்டார். "ஆஸ்பத்திரில காட்டிட்டு வா. அப்புறம் பாப்போம்."

விருதுநகர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். என்ன துணி, என்ன சோப்பு என்று கேட்டார்.

"சீக்கு ஒண்ணும் இல்லம்மா. துணியில போகாம தங்கியிருக்கற மையும் மண்ணெண்ணெயும் உன் தோலுக்கு ஒத்துக்கல. மிச்சத்த சோப்பு போட்டு நீயே புண்ணாக்கிட்ட. வெறும் தண்ணியில கழுவு. சுத்தமான வெள்ளைத்துணி வையி."

களிம்பும் கொடுத்தார். அப்படியே செய்தேன். ஆறிவிட்டது.

அறைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: "நானும் அதே துணியத்தான வைக்கேன். எனக்கு ஒண்ணும் செய்யலையே?"

"தோலுக்குத் தோல் மாறுமாம். டாக்டரம்மா சொன்னாக."

"சொல்லுவாக. அவுகளா ஒன் பக்கத்துல வந்து படுக்கப் போறாக?"

அறையே சிரித்தது.

கணக்கப்பிள்ளை பலகையைத் திருப்பிக் கொடுத்தார். என் இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. ஆறிவிட்டது என்று யாரிடம் திறந்து காட்டுவது? மாலையில் வெளியே கிடந்த செம்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.