திரும்பி வந்த மஞ்சப்பை

எங்க வீட்டுக்காரர் மதிவாணனுக்கு மரியாதைன்னா உசுரு. சிங்கப்பூர்ல எட்டு வருஷம் கம்பி கட்டிச் சம்பாதிச்சு, குடவாசல்ல மாடி வீடு எழுப்பின மனுஷன். தெருவுல நாலு பேர் வணக்கம் வைக்கலைன்னா அன்னிக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரு ஒயின் ஷாப் வாசல்ல போய் நிப்பாரா? எதிர்வீட்டுத் தென்னரசுகிட்ட மஞ்சப்பையைக் குடுத்து அனுப்புவாரு.

அவன் ஒன்பதாவது படிக்கிறவன். அவங்கப்பா ரெத்தினம் மஸ்கட்ல. "சின்னப் பையனைப் போயி அனுப்புறீங்களே, நல்லாவா இருக்கு?"ன்னு கேட்டா, "வாங்கிட்டு வரத்தானே சொல்றேன், குடிக்கவா சொல்றேன்?"னு எரிஞ்சு விழுவாரு. ஆனா காலி பாட்டிலைத் தூக்கிப் போடக் கொண்டுபோற சாக்குல, அடியில கிடக்கிறதை அந்தப் பய வாயில கவுத்துக்க ஆரம்பிச்சிருந்தான்.

எங்க மக கலைமகள் பிளஸ் டூ. அவளும் கூடப் படிக்கிறதுங்களும் அறுத்த வயல்ல வலை கட்டி, சாயங்காலத்துல வாலிபால் ஆரம்பிச்சாங்க. கடைக்குப் போற வழியிலதான் வயல். பள்ளிக்கூடத்துப் புள்ள எது அந்தப் பக்கம் நடந்தாலும், ஆட்டத்தை நிறுத்திட்டு எல்லாருமா போய்ப் பேசி இழுத்துட்டு வரணும். அதுங்களா வெச்சுகிட்ட கட்டுப்பாடு. முதல் நாள் விசில் ஊதித் தொடங்கி வெச்சது யாருங்கிறீங்க? சாட்சாத் இவருதான்! பொன்னாடை வேற. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை.

மறுநாளே தென்னரசுகிட்ட பையைக் குடுத்தாரு.

கொஞ்ச நேரத்துல தெருவே எட்டிப் பார்க்குது. முன்னாடி தென்னரசு, அழுது வீங்கின முகத்தோட. பின்னாடி பந்தோட புள்ளைங்க கூட்டம். நேரா எங்க வாசல்ல வந்து நின்னுச்சு. இவரு லுங்கியை இறக்கி விட்டுக்கிட்டு, "என்னம்மா, நன்கொடையா?"ன்னாரு.

கலைமகள் பையை நீட்டினா. உள்ள பணம் அப்படியே இருந்துச்சு.

"யார் அனுப்பினாங்கன்னு இவன் கடைசி வரைக்கும் சொல்லலைப்பா. பையைப் பாருங்க."

எங்க புதுமனை புகுவிழாவுக்குத் தாம்பூலம் குடுக்க அடிச்ச பை. 'மதிவாணன், குடவாசல்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இத்தனை நாளா அது கடைக்குப் போயிட்டுத்தான் வந்திருக்கு, ஊரே படிச்சிருக்கு. எனக்குக்கூட உறைக்கலையே, சீ!

"டீம்ல ஒரு ஆள் குறையுது. இவனை எங்ககிட்ட விட்டுடுங்கப்பா"ன்னா.

இவரு கை நீளவே இல்லை. நான்தான் பையை வாங்கினேன். புள்ளைங்க திரும்பினாங்க. தென்னரசு மட்டும் கேட் பக்கத்துல நின்னு, "மன்னிச்சுக்கங்க மாமா, வாங்க முடியலை"ன்னான்.

அவ்வளவு நேரம் விறைப்பா நின்ன மனுஷன், அதைக் கேட்டதும் படியிலயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கிட்டாரு.