இன்னும் ஒரு நூறடி

எனக்கு எழுபத்திரண்டு வயது. இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் முப்பத்தோரு வருஷம் நின்றதில் மிஞ்சியது இவ்வளவுதான். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் கர்நாடகம், ஆந்திரம், ராஜஸ்தான் என்று பூமியைத் துளைத்துக்கொண்டே போவோம். வருஷத்தில் இரண்டு தடவை வீடு. என் மகன் முதல் அடி எடுத்து வைத்தபோது நான் வேறு யாரோ ஒருவருடைய நிலத்தில் நானூறாவது அடியில் இருந்தேன்.

இப்போது என் உத்தியோகம் டிவி பார்ப்பது. சாயங்காலமானால் நாலு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்தில் சோறு தின்றவன் நான், எனக்கே தலை வலிக்கிறது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் எங்கள் தெருக்குழாயில் காவிரித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. அதுவும் நான் எங்காவது துக்கம் கேட்கப் போகும் நாளாகப் பார்த்து வருகிறது. எல்லாச் செய்தியையும் திட்டிக்கொண்டே பார்ப்பேன். குழந்தை ஆழ்துளைக் குழியில் விழுந்துவிட்டது என்ற செய்தி வந்தால் மட்டும் அணைத்துவிடுவேன். என் மனைவி ஏன் என்று கேட்பதில்லை. நான் போட்ட குழிகளில் எத்தனைக்கு மூடி போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவோம்.

இந்தப் பங்குனியில் எங்கள் வீட்டு போர் கிணறு வற்றி நின்றுபோனது. மோட்டார் ஓடுகிறது, குழாயில் காற்று வருகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஓர் எருமை, ஆறு தென்னை. மகன் பெங்களூரிலிருந்து பேசினான்.

"ஒரே ஒரு போர் போட்டுப் பாருங்கப்பா. தண்ணி வல்லீன்னா ஊட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. இனிமே நான் கேக்கறதா இல்லீங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. பெங்களூருக்கு ஒருமுறை போய்ப் பதினோரு நாள் இருந்தோம். ஒன்பதாவது மாடி. அங்கேயும் தண்ணீர் லாரியில்தான் வருகிறது, ஆனால் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. என் மனைவி விடிகாலையில் எழுந்து, கூட்டுவதற்கு வாசல் இல்லாமல், லிஃப்டுக்கு முன்னால் கூட்டினாள். பக்கத்து வீட்டார் அவளை வேலைக்கு வந்தவள் என்று நினைத்து எத்தனை மணிக்கு வரமுடியும் என்று கேட்டார்கள். பன்னிரண்டாம் நாள் ஊர் வந்து சேர்ந்தோம். ஆகவே இந்த போரில் தண்ணீர் வந்தாக வேண்டும்.

எங்கே துளைப்பது என்று பாயிண்டு பார்க்க நான் இருக்க, என் மனைவி நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து தேங்காய் வைத்துப் பார்க்கும் ஆளைக் கூட்டிவந்தாள். உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய், நீரோட்டத்துக்கு மேலே போனால் எழுந்து நிற்கும். ஆயுசு முழுக்க இந்த ஆட்களைக் கிண்டல் செய்து பிழைத்தவன் நான். தேங்காய் எருமைக் கொட்டகைக்கு நடுவில் போய் எழுந்து நின்றது.

"இங்க வண்டி திரும்பாது, அந்தப் பக்கம் வேலியோரமாப் போடலாம்" என்றேன்.

"ஏனுங்க, நீங்க தண்ணிக்கு எடம் பாக்கறீங்களா, வண்டி நிறுத்த எடம் பாக்கறீங்களா?"

கேட்டது என் மனைவி. உண்மை அதுதான். லாரி எங்கே நேராக நிற்குமோ அங்கேதான் நீரோட்டம் இருப்பதாக எத்தனையோ நிலத்துக்காரர்களிடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். கொட்டகையைப் பிரித்தோம்.

ரிக் காலையிலேயே வந்தது. ஓட்டுகிற ஆளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நானும் அந்தத் தொழில்தான் என்று தெரிந்ததும், "சாமி, அப்ப நீங்களே எலுமிச்சம்பழத்த வையுங்க" என்று கற்பூரத் தட்டை நீட்டினார். வைத்தேன். எந்திரம் உறுமியதும் என் இடது காதுகூடக் கொஞ்சம் விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அறுபதடியில் பாறை. அதன்பிறகு புகைதான், பாறை பொடியாகி மேலே வரும் வெள்ளைப் புகை. முந்நூறு அடி, ஐந்நூறு அடி. நான், எருமை, வேடிக்கை பார்க்க வந்த தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே நிறமாகிவிட்டோம். ரிக் வண்டிக்காரன் வீட்டு போர் அல்லவா, பார்க்க நல்ல கூட்டம். எழுநூறு அடியில் ரிக் ஓட்டும் ஆள் இறங்கி வந்து என் வலது காதோரம் குனிந்தார்.

"ஏனுங்க சாமி, கல்லு நெறம் மாறுதுங்க. இன்னும் ஒரு நூறடி போட்டுப் பாக்கலாமுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது என் வசனம். கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் அதைச் சொல்லியிருக்கிறேன். முகத்தில் ரொம்ப நம்பிக்கையும் தெரியக் கூடாது, ரொம்ப வருத்தமும் தெரியக் கூடாது. கல் எப்போதும் நிறம் மாறும். அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் கண்ணுக்குக் கட்டாயம் மாறும்.

"தம்பி, நான் தொழிலுக்கு வந்த நாள்ல இருந்து அந்தக் கல்லு நெறம் மாறிக்கிட்டுத்தான் இருக்குது" என்றேன்.

அவரும் சிரித்தார். பிறகு தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் தெரியாதுங்க சாமி. நெசமாலுமே தெரியாது" என்றார்.

முப்பத்தோரு வருஷத்தில் நான் ஒருவரிடமும் அப்படிச் சொன்னதில்லை. சித்திரதுர்கா பக்கம் ஒரு விவசாயி நினைவுக்கு வந்தார். தண்ணீர் வரும் என்று நம்பி வீட்டில் பாயசம் காய்ச்சி வைத்திருந்தார்கள். நான் நூறடி நூறடியாகச் சொல்லிச் சொல்லி ஆயிரத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் இலை போட்டுப் பரிமாறினார்கள். நான் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். நன்றாக இருந்தது என்று வேறு சொன்னேன்.

ஒவ்வொரு தடவையும் அந்த விவசாயி பதில் சொல்லுமுன் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நானும் இப்போது திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். புழுதியில் புருவமெல்லாம் வெளுத்து, கயிற்றைப் பிடித்தபடி எருமைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"போடச் சொல்லுங்க" என்றாள்.

"போடு" என்றேன்.

எண்ணூற்று நாற்பதில் புகை அடங்கியது. சாம்பல் நிறத்தில் சேறு வந்தது, பிறகு தண்ணீர். பீறிட்டு அடிக்கவில்லை, சளி பிடித்தவன் மூக்கு மாதிரி ஒழுகியது. அரை இஞ்ச். கூட்டம் அரை நிமிஷம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. அந்த ஆள் என்னைப் பார்த்து, "சாமி, இன்னும் ஒரு..." என்று ஆரம்பித்தார்.

"போதும் தம்பி. ராடை மேல எடுத்துரு."

அரை இஞ்ச் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் ஓர் எருமைக்கும் காணும், அதுவும் கணக்காகச் செலவு செய்தால். தென்னைக்குக் காணாது. அடுத்த பங்குனியைப் பற்றி யோசிக்காமல் இருந்தால் நல்லது.

அந்த வண்டி போனதும் மகன் கூப்பிட்டான். "வந்துச்சுங்களாப்பா? எவ்வளவு?"

"ரெண்டு இஞ்சு, சாமி" என்றேன்.

பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கால் பொய் சொன்னாலும் சபையில் வைத்துத் திருத்துகிறவள். போனைப் பிடுங்கினாள். வசமாக மாட்டினேன் என்று நினைத்தேன்.

"ஆமா கண்ணு, ரெண்டு இஞ்சு! பீச்சி அடிக்குது. எருமையே அதுக்கடியில போயி நின்னுக்கிச்சு, இழுத்தா வரமாட்டீங்குது. நாங்க எங்கியும் வல்ல, நீ உன் வேலையப் பாரு."

போனை என் கையில் வைத்தாள். பிறகு இருவரும் தென்னைகளைச் சுற்றி நடந்தோம், எதற்கு முதலில் தண்ணீரை நிறுத்துவது என்று பார்க்க.

"கிழக்கால இருக்கறதுதான்" என்றாள். "வயசாயிருச்சு, காய்ப்பும் இல்ல, சும்மா நின்னுக்கிட்டு எடத்த அடைச்சுக்கிட்டு இருக்குது."

"ஏம்புள்ள, அத மரத்தப் பாத்துச் சொல்லு" என்றேன்.